பழுப்பு முதலில், பச்சை பிறகு

தெல்மா விகின் இருபத்தாறு வருஷம் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள். ஹார்லோ மில்ஸ் ஊரின் ஷூ தொழிற்சாலையில் கடைசி மேஜை அவளுடையது. தையல் தப்பியது, தோல் சுருங்கியது, வலது காலை விட இடது கால் வெளுத்தது என்று எதுவும் அவளைத் தாண்டிப் பெட்டிக்குள் போனதில்லை. அவள் ஒதுக்கிய ஜோடிகள் மூலைக்கூடைக்குப் போகும். வருஷக் கடைசியில் பாதி விலைக்கு விற்பார்கள். ஊரில் பாதிப் பேர் அந்தப் பாதி விலை ஷூவில்தான் மாதாகோயிலுக்கு வந்தார்கள். வாசலில் தெல்மா நின்றால் காலை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பார்கள்.

பிறகு அவள் பழைய புத்தக வியாபாரத்துக்கு வந்தாள். வந்து பார்த்தால் உலகம் தலைகீழாக இருந்தது. ஷூவில் குறை இருந்தால் பாதி விலை. புத்தகத்தில் குறை இருந்தால் பத்து மடங்கு விலை. அச்சுக்காரன் அவசரத்தில் செய்த தப்பை இரண்டாம் அச்சில் திருத்திவிடுவான். ஆகவே தப்பு உள்ள பிரதிதான் முதல் பதிப்பு. அதற்குத்தான் பாஸ்டனிலிருந்து ஆள் வருவான். திருந்திய பிரதியை யாரும் சீண்டமாட்டார்கள்.

அவள் இதில் விழுந்ததற்குக் காரணம் ஒரு கோபம். 1951-இல் புருஷன் கிளைட் இறந்தபின், அவனுடைய மாமா வீட்டுப் புத்தகங்களைக் கொட்டகையில் பரப்பி விலைக்கு வைத்தாள். பாஸ்டன்காரன் ஒருவன் வந்தான். இருநூறு புத்தகத்தில் ஒன்றே ஒன்றை எடுத்து, விலை கேட்காமலே பன்னிரண்டு டாலர் கொடுத்தான். "ஏன் அதை மட்டும்?" என்று கேட்டாள். அவன் சிரித்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டான். அந்தச் சிரிப்பைத் தெல்மாவால் செரிக்க முடியவில்லை.

ஏழு வருஷம் உட்கார்ந்தாள். எந்தப் பதிப்பகம் முதல் பதிப்பை எப்படிக் காட்டும் என்று அட்டை அட்டையாக எழுதினாள். ஒருத்தன் பட்டவர்த்தனமாக 'முதல் பதிப்பு' என்று அச்சிடுவான். ஒருத்தன் முகப்புப் பக்கத்தில் வருஷத்தைப் போட்டு, அடுத்த அச்சில் எடுத்துவிடுவான். இன்னொருத்தன் பதிப்புரிமைப் பக்கத்தின் அடியில் ஒற்றை எழுத்தை ஒளித்து வைப்பான். புத்தகக் கழகங்கள் சந்தாதாரர்களுக்கு அனுப்பும் மலிவுப் பிரதிகள் அசல் போலவே இருக்கும். ஆனால் பின்னட்டையின் கீழ் மூலையில் மிளகு அளவுக்கு ஒரு குழி அமுக்கியிருக்கும். தெல்மா அதைக் கண்ணால் பார்க்கமாட்டாள். பேசிக்கொண்டே கட்டைவிரலால் தடவுவாள். முகம் மாறாது. விற்க வந்தவன் முகம்தான் மாறும்.

1958 அக்டோபரில் இதையெல்லாம் நாற்பது பக்கத்தில் அச்சடித்தாள். மஞ்சள் அட்டை. நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட், மெய்ன் மூன்று மாநிலத்திலும் புத்தகம் விற்றவன் ஒவ்வொருவனின் கோட்டுப் பையிலும் அந்த மஞ்சள் இருந்தது. விலைத் தகராறு வந்தால், "தெல்மா என்ன சொல்றா?" என்று பையில் கையை விடுவார்கள். தகராறு முடிந்துவிடும்.

எவரெட் பிக்ஸ்பி அந்த மஞ்சள் புத்தகத்தைப் பிறந்த குழந்தையைப் போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டவன். முன்னாள் விதை வியாபாரி. வியாபாரம் மாறினாலும் காரை மாற்றவில்லை. பின்னிருக்கையில் கிளறினால் இன்னும் கேரட் விதை கிடைக்கும். தெல்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சந்தைகளுக்கும் ஏலங்களுக்கும் எவரெட்தான் பதினாறு வருஷமாக அழைத்துப் போனான். போகும்போது அவள் அடுப்பில் சுட்ட 'பை' பலகாரம், வரும்போது அவனுடைய கோழிகள் இட்ட முட்டை. இரண்டு பேரையும் சேர்த்து வைத்து ஊர் கொஞ்ச நாள் பேசியது. பேச ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டது.

அந்த மஞ்சள் புத்தகத்தில், இருபத்தேழாம் பக்கத்தில், ஒரு வரி எவரெட் சொல்லி எழுதியது. ஹோரஸ் டிங்லி என்று ஒரு நாவலாசிரியர், அந்த வட்டாரக்காரர், 1926-இல் 'உப்புச் சதுப்பு' என்று ஒரு நாவல் எழுதினார். வெளியிட்ட கார்விக் பதிப்பகம் எந்த அச்சு என்று எங்கேயும் சொல்லாத ஊமைப் பதிப்பகம். சில பிரதிகள் பச்சைத் துணி அட்டை, சில பழுப்பு. உள்ளே ஒரு எழுத்துகூட மாற்றமில்லை. எது முதல்?

1958 செப்டம்பரில் எவரெட் ஓடி வந்தான். பைண்டிங் கம்பெனியின் அந்தக் காலத்து ஃபோர்மனைப் பார்த்தானாம், மூக்கு ஓரத்தில் மரு உள்ள ஆளாம். பழுப்புத் துணி தீர்ந்துபோய்த்தான் பச்சை வாங்கினார்களாம். தெல்மா அந்த ஃபோர்மனுக்குக் கடிதம் எழுத விலாசம் கேட்டாள். அடுத்த வாரமே அவர் செத்துப்போனார் என்றான் எவரெட். வருத்தமாகத் தொப்பியைக்கூடக் கழற்றினான்.

'பழுப்பு முதலில், பச்சை பிறகு' என்று அச்சேறியது. அன்று முதல் பழுப்புக்கு மரியாதை. பச்சை ஒன்றரை டாலர் தட்டில் கிடந்தது. மூடிப்போன பைண்டிங் கம்பெனியின் கிடங்கிலிருந்து எவரெட் மூன்று டஜன் பழுப்பு எடுத்திருந்தது தெல்மாவுக்குத் தெரியும். அதிர்ஷ்டக்காரன் என்று நினைத்துக்கொண்டாள்.

1974 ஜூலையில் ஒரு வீட்டு ஏலம். எவரெட் ஒரு பெட்டியைக் காலால் அவள் பக்கம் தள்ளினான்.

"சமையல் புத்தகமா கெடக்கு. எனக்கு எதுக்கு? வெந்நீர் வைக்கத் தெரிஞ்சவன் நான். நீ எடுத்துக்க."

வீட்டில் பிரித்தாள். மூன்று ஊறுகாய்ப் புத்தகத்துக்கு அடியில் ஒரு பச்சை 'உப்புச் சதுப்பு'. முதல் தாளில் டிங்லியின் கையெழுத்து. அந்தக் கோணல் கையெழுத்தை அவள் பத்துக் கடிதத்தில் பார்த்திருக்கிறாள். 'மார்த்தா அத்தைக்கு, கடைக்குப் போகும் முன்னால், பைண்டிங் முடிந்து வந்த முதல் பிரதி. மார்ச் 9, 1926.' நாவல் கடைக்கு வந்தது ஏப்ரலில்.

பச்சைதான் முதலில்.

தெல்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினாறு வருஷம், மூன்று மாநிலம், இருபத்தேழாம் பக்கம். அவள் தப்பு. ஃபோர்மன் பாவம், வயசானவர், மாற்றிச் சொல்லியிருப்பார்; விசாரிக்காமல் அச்சடித்தது யார்? அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலை ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு வைத்த பை பலகாரம் ஒன்று சுட்டு, தபால் வண்டியில் ஏறி, பாவமன்னிப்பு கேட்கப் போகிறவளைப் போல எவரெட் வீட்டுக்குப் போனாள்.

எவரெட் கையெழுத்தைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தான்.

"அடக் கடவுளே."

"நான் அவமானப்பட்டுப் போனேன் எவரெட்."

"எதுக்கு? தப்பு பண்ணாத ஆளு யாரு? செப்டம்பர் சந்தைக்குள்ள புதுப் பதிப்பு போடு. 'பச்சைதான் முதல்'னு ஒரு வரி. அவ்வளவுதான். உன் பேரு இன்னும் ஏறும், பாத்துக்க. தானே ஒத்துக்கிட்டாடா மனுஷின்னு சொல்லுவானுங்க."

"பழுப்பை அவ்வளவு விலை குடுத்து வாங்கினவங்க?"

"வாங்கறவன் எப்பவும் வாங்கிட்டுத்தான் இருப்பான். ஒரு துண்டு வெட்டு, பசிக்குது."

அப்போது உள்ளே தொலைபேசி அடித்தது. அவன் போனான். தெல்மா முட்டைக் கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். எப்போதும் அவன்தான் எடுத்து வந்து கொடுப்பான். அன்று அவள் மனசு லேசாகியிருந்தது. தானே எடுப்போம் என்று தோன்றியது. இரண்டு கொட்டகை இருந்தது. கோழிச் சத்தம் கேட்ட கொட்டகையை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த சத்தமில்லாத கொட்டகையைத் திறந்துவிட்டாள்.

அதில் கோழி இல்லை. தீவன மூட்டைக்குப் பின்னால் ஆப்பிள் பெட்டிகள். பெட்டிக்குள் முதுகு முதுகாகப் பச்சை.

ஒன்றை எடுத்துக் கடைசித் தாளைத் திருப்பினாள். வாங்கிய மாதத்தையும் வருஷத்தையும் அங்கே பென்சிலில் குறிப்பது எவரெட்டின் பழக்கம். பல் துலக்குவதை மறந்தாலும் அதை மறக்கமாட்டான். 'மார்ச் 61.' இன்னொன்று: 'ஆகஸ்ட் 67.' இன்னொன்று: 'நவம்பர் 58.' மஞ்சள் புத்தகம் வந்த அடுத்த மாதம். நாலாவது பெட்டியில் ஒரு பிரதியில் அவளுடைய சொந்த எழுத்தில் ஒரு டாலர் என்று விலை இருந்தது. தங்கச்சி மகளுக்குப் படிக்க வேண்டும் என்று எவரெட் ஒருமுறை கேட்டு வாங்கியது. அவள் ஐம்பது சென்ட் குறைத்துக் கொடுத்தாள்.

"முட்டை அந்தக் கொட்டகைல," என்றான் எவரெட், வாசலிலிருந்து.

"இங்கயும் இருக்கே. அறுபத்திரண்டு."

"எண்ணிட்டியா? நீ எண்ணாம இருப்பியா."

"அந்த ஃபோர்மன் பேரு என்ன எவரெட்?"

"எந்த ஃபோர்மன்?"

"செத்துப்போனாரே. மூக்கு ஓரத்துல மரு இருக்கும்னு சொன்னியே."

எவரெட் உண்மையாகவே யோசித்தான். "மருவா? மரு நான் சொல்லலையே."

"சொன்ன. அந்த மருவைக் கேட்டுத்தான் நான் நம்பினேன்."

அவன் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தான். வெட்கப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். சீட்டாட்டத்தில் தோற்றவனைப் போலத்தான் இருந்தான்.

"எனக்கே அப்ப தெரியாது தெல்மா. ஒரு யூகம். பழுப்பு எங்கிட்ட இருந்துச்சு, பழுப்பா இருந்தா நல்லா இருக்குமேன்னு நெனைச்சேன். நீ அச்சுல போட்டுட்ட. அந்த மார்த்தா அத்தை புத்தகம் அதுக்கப்புறம்தான் கைக்கு வந்துச்சு. அப்பதான் பச்சைன்னு தெரிஞ்சுது. சரி, மலிவாத்தானே கெடக்கு, சேத்து வைப்போம்னு..."

"அதை நீதான் சமையல் புத்தகத்துக்கு நடுவுல வெச்ச."

"பின்ன? நானே போய்ச் சொன்னா எவன் நம்புவான்? இவன்கிட்ட சரக்கு இருக்குன்னு அந்த நிமிஷமே மோப்பம் புடிச்சிருவானுங்க. நீ சொன்னா நம்புவாங்க. நீ நல்லவ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"எனக்கு எழுபது ஆச்சு," என்றான். "ஃப்ளோரிடால ஒரு சின்ன வீடு பாத்து வெச்சிருக்கேன். பாஸ்டன்காரங்க இப்ப டிங்லிக்கு அலையறானுங்க. பாதி உனக்கு. உன் பேர்ல எழுதியே தர்றேன். நீ ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாமே. நெசத்தைத்தானே போடச் சொல்றேன்? போடாம விட்டா, பொய்யைக் காப்பாத்தினவ நீ. எப்படிப் பாத்தாலும் போட்டுத்தானே ஆகணும்?"

அதுதான் சங்கடம். அவன் சொன்னதில் ஓட்டை இல்லை. அவள் உண்மையை எழுதினால் அவன் பணக்காரன். எழுதாவிட்டால் அவள் பொய்க்காரி. இத்தனை வருஷம் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவன், அவளுடைய நேர்மை எங்கே திரும்பும், எங்கே நிற்கும் என்று மைல் கணக்கோடு தெரிந்து வைத்திருந்தான்.

கூடையை வெறுமையாகவே எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். அவன் காரில் விடுகிறேன் என்றான். நாலு மைல் நடந்தே போனாள்.

வழியெல்லாம் ஒரு ஓரத்தில் அவளுக்கு ஆசை இருந்தது: யூகம் என்றானே, அதுவாவது நிஜமாக இருக்கட்டும். வீட்டுக்கு வந்து அத்தையின் பிரதியை எடுத்தாள். கடைசித் தாளில் பென்சிலை அழித்த சொரசொரப்பு விரலுக்குத் தட்டியது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். ரப்பர் கரியைத்தான் அழிக்கும், அழுத்தத்தை அழிக்காது. 'ஜூலை 58.'

ஃபோர்மன் கதையோடு அவன் ஓடி வந்தது செப்டம்பரில். முதல் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் யோசித்து, மரு வரைக்கும் தயார்செய்துகொண்டு வந்திருக்கிறான். தொப்பியைக் கழற்றுவது வரைக்கும்.

மறுநாள் தெல்மா ஓய்வுபெற்ற தபால் அதிகாரி ஆரின் டட்டில் வீட்டுக்குப் போனாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் கையால் பழுப்புப் பிரதி வாங்கியவர். ஓய்வுபெற்ற பரிசு என்று தனக்குத்தானே வாங்கிக்கொண்டது, நூற்றெண்பது டாலர். கணப்பு மேடை மேல், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"டட்டில் ஐயா, அது முதல் பதிப்பு இல்லை. நான் தப்பா எழுதிட்டேன்."

அவர் புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நீங்களா?"

"நான்தான்."

"ரெண்டு வருஷமா வந்தவங்க போனவங்க எல்லார்கிட்டயும் காட்டியிருக்கேன், மிஸஸ் விகின். பாதிரியார்கிட்ட ரெண்டு தடவை. இப்ப எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டுக் காப்பி குடுத்துச் சொல்லணுமா?"

"பணத்தைக் கொண்டாந்திருக்கேன்."

பணத்தை வாங்கிக்கொண்டார். புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. "ஒன்றரை டாலர் புத்தகந்தானே," என்றார். அவள் படியிறங்கும்போது ஜன்னல் கண்ணாடி வழியே தெரிந்தது: அதன் முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்கத் தெல்மா ஒரு பத்தியை எழுதினாள், கிழித்தாள். பச்சை முதலில் என்று மட்டும் எழுதினால் எவரெட் எழுதச் சொன்னது. எவரெட் பொய் சொன்னான் என்று மட்டும் எழுதினால் பச்சைக்கு இன்னும் கிராக்கி. ஆகஸ்ட்டில் ஒரு காலை, பீன்ஸ் உரித்துக்கொண்டிருக்கும்போது, அந்த உண்மைக்குள் தான் இன்னும் எழுதாத ஒரு பகுதி பாக்கி இருப்பது அவளுக்குப் புலப்பட்டது.

மூன்றாம் பதிப்பு, இருபத்தேழாம் பக்கம், அச்சில் இப்படி வந்தது:

'உப்புச் சதுப்பு, 1926. பச்சைத் துணியே முதல். முந்தைய பதிப்புகளில் நான் எழுதியது தவறு. திரு. எவரெட் பிக்ஸ்பி சொன்னதைச் சரிபார்க்காமல் எழுதினேன். அதைச் சொல்வதற்கு முன்பே சரியான விடை அவர் கையில் இருந்தது. பச்சைப் பிரதி அரிது அல்ல. திரு. பிக்ஸ்பியின் இரண்டாவது கோழிக்கொட்டகையில் நல்ல நிலையில் அறுபத்திரண்டு பிரதிகள் உள்ளன. ஒன்றரை டாலருக்கு மேல் யாரும் கொடுக்க வேண்டாம்.'

செப்டம்பர் சந்தை வழக்கம்போல் விவசாயிகள் சங்க மண்டபத்தில். தெல்மா பால் வண்டிக்காரனிடம் கேட்டு வந்து சேர்ந்தாள். முந்தின வாரம் தபாலில் போனது போக, மீதி நூறு மஞ்சள் புத்தகங்களை மேஜைமேல் அடுக்கினாள். பதினொரு மணி வரை மூன்று போனது. எதிர்வரிசையில் எவரெட்டின் மேஜையைச் சுற்றித்தான் கூட்டம். யாரோ அவனுக்குக் காப்பி, யாரோ டோனட். ஒருத்தன் அவன் தோளைத் தட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் துக்கம் விழுந்தவனைத் தட்டுவது போல.

காங்கர்டிலிருந்து வரும் லாட்டி பீஸ், இருபது வருஷமாகப் பக்கத்து மேஜைக்காரி, குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தாள்.

"எவரெட் பண்ணினது தப்பு. நான் இல்லேன்னு சொல்லல."

"ஆனா?"

"அவன் பொய் சொன்னான், சரி. வியாபாரத்துல யாரு சொல்லல? ஆனா அடுத்தவன் கொட்டகைல எத்தனை இருக்குன்னு அச்சுல போடலாமா தெல்மா? நாளைக்கு என் நிலவறையை எட்டிப் பாத்துட்டு எழுத மாட்டேன்னு என்ன நிச்சயம்?"

"உன் நிலவறைல என்ன இருக்கு லாட்டி?"

லாட்டி தன் மேஜைக்குப் போனாள். போய், மேஜையை ஒரு அடி தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

தெல்மா மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். எல்லாருக்கும் ஒரு கொட்டகையோ, நிலவறையோ, மச்சோ இருந்தது. அதைத்தான் அவள் மறந்துவிட்டிருந்தாள். பொய்யை அவர்கள் மன்னித்துவிட்டார்கள். அது அவர்களுக்கும் தேவைப்படும். எண்ணிக்கையை மன்னிக்க முடியவில்லை.

மூன்று மணிக்கு எவரெட்டே வந்தான். மஞ்சள் புத்தகத்தை எடுத்து, இருபத்தேழாம் பக்கத்தை நின்றுகொண்டே படித்தான். எத்தனையாவது தடவையோ.

"நல்ல நிலையில்னு எழுதியிருக்க."

"நல்ல நிலைலதான் இருந்துச்சு."

"பாஸ்டன்காரன் நேத்து ஃபோன் பண்ணான். ஒன்றரை டாலர்னா பத்து எடுத்துக்கறேன்னான். சிரிச்சான் தெல்மா." அவன் குரல் இறங்கியது. "பதினாறு வருஷம். பனியா மழையான்னு பாத்தேனா? உன் வீட்டு வாசல்ல வந்து நின்னேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போட்டிருக்கலாம். நீ இப்படி முதுகுல குத்துவேன்னு நான் நெனைக்கவே இல்லை."

அவன் கண் நனைந்திருந்தது. நடிப்பாக இருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் உண்மையாகவே புண்பட்டிருந்தான். தன்னை ஏமாற்றியவளிடம் நியாயம் கேட்பவன்போல வந்து நின்றான். அவளுக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. மரு, தொப்பி, தங்கச்சி மகள்.

"புத்தகத்தை வெச்சுட்டுப் போ, எவரெட். விலைக்கு வெச்சிருக்கேன்."

அவன் வைத்துவிட்டுப் போனான். பக்கத்தின் மூலையை மடித்தே வைத்திருந்தான்.

ஐந்து மணிக்கு மேஜைகளை மடக்கினார்கள். ஒவ்வொருத்தராகப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். தெல்மாவின் பக்கம் வரும்போது எல்லாருக்கும் ஒரே சமயத்தில் கார் சாவி தேட வேண்டியிருந்தது. பால் வண்டிக்காரன் காலையில் மட்டும்தான் இந்தப் பக்கம் வருவான். தொண்ணூற்றேழு மஞ்சள் புத்தகங்களைச் சணல்கயிற்றால் கட்டி, அவள் வெளிப்படியில் உட்கார்ந்தாள்.

எவரெட்டின் கார் படிக்கு எதிரே வந்து நின்றது. அவன் இறங்கி, பின்கதவைத் தூக்கிவிட்டு, பெட்டி வைக்க இடம் ஒதுக்கினான். பிறகு பக்கத்தில் நின்றான். கோபத்தில் நின்றானா, பழக்கத்தில் நின்றானா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. வீடு பதினோரு மைல்.

தெல்மா எதிரே இருந்த தீவனக் கடைப் பலகையை முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தாள். திரும்பவும் படித்தாள். கால்மணி நேரம் கழித்துப் பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கார் போன பிறகு எழுந்து, மண்டபத்தைப் பூட்ட வந்த காவல்காரனிடம் தொலைபேசி எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

"இருக்கும்மா. யாரைக் கூப்பிடப் போறீங்க?"

வண்டி வேண்டுமென்றால் பதினாறு வருஷமாக அவளுக்குத் தெரிந்த எண் ஒன்றே ஒன்றுதான்.